இரண்டு குட்டை, ஒரு நீளம்

பையை டிக்கியில் வைத்து, அதன் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி, போர்வையின் மேல் குடையையும் வைத்தாள் தையல்காரம்மா. அப்படியும் மனசு ஆறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவளுக்கு எவ்வளவு சோறு இருந்தாலும் போதாது. வீட்டுக்குள் போய் ஒரு துண்டை எடுத்து வந்து அதையும் மேலே போட்டாள்.

அது அவள் வீட்டுக்காரரின் ஹால்ட் பை. காக்கித் துணி, அகலமான வாய், இரண்டு தடவை பிடி அறுந்து இரண்டு தடவையும் அவளே தைத்தது. தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும் மலைப்பாதையில் அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினார். கடைசி ட்ரிப் போகிறவர் அந்த முனையிலேயே தங்கி, விடிந்ததும் முதல் ட்ரிப்பை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் ஹால்ட். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கு ஹால்ட். ஒரு லுங்கி, துண்டு, சோப்பு டப்பா, மாற்றுச் சட்டை, அவ்வளவுதான் அந்தப் பை அப்போது சுமந்தது. இன்றைக்கு அதில் எட்டுச் சட்டையும் ஆறு லுங்கியும் கம்பளியும் மூன்று மாத மாத்திரையும் இருந்தன. வீட்டில் அவ்வளவு கொள்கிற பை வேறு இல்லை.

ஒவ்வொரு துணியின் கழுத்துப் பட்டியிலும் சிவப்பு நூலில் 417 என்று தைத்திருந்தாள். "துணியில அடையாளம் வச்சு அனுப்புங்கம்மா, சலவையில மாறிடும்" என்று, அவரைச் சேர்க்கப்போகிற இல்லத்து மேட்ரன் போனில் சொல்லியிருந்தார். பெயரைத் தைக்க உட்கார்ந்தால் மனுஷனையே பார்சல் கட்டுகிற மாதிரி இருந்தது. அதனால் அவருடைய பேட்ஜ் நம்பரைத் தைத்தாள். ஊர் முழுக்க ரவிக்கையும் கவுனும் தைத்துக் கொடுத்த கை, அந்த மூன்று எண்ணைத் தைக்க நாலு நாள் எடுத்துக்கொண்டது.

தெருவில் அவரை எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள், ரிட்டையராகி ஒன்பது வருஷம் ஆன பிறகும். கடைசி இரண்டு வருஷமாக டிரைவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. சாப்பிட்டதை மறந்தார். மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனதை மறந்தார். மறக்காதது டூட்டி ஒன்றைத்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். விடிவதற்குள் எழுந்து, முதல் ட்ரிப்புக்கு நேரமாச்சு என்று கதவைத் திறந்துவிடுவார். ஒரு தரம் பக்கத்துத் தெருவில் நின்ற லாரியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னொரு தரம் எதிர்வீட்டு வேனை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போய் மதில் சுவரில் நிறுத்தினார். அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் அடுத்தது பள்ளிக்கூட வாசல்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் கதவை மறித்து நின்றாள். "டூட்டிக்குப் போறவனை மறிக்கிறியா?" என்று ஒரே தள்ளு. இடது மணிக்கட்டு ஒடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு வந்தவளைப் பார்த்து டிரைவர் பதறிப்போனார்.

"யாரு பண்ணினது? சொல்லு. நான் போய்க் கேக்குறேன்."

"யாரும் இல்லைங்க. வழுக்கி விழுந்துட்டேன்."

"பாத்து நடக்கக் கூடாதா?" என்றவர், ஒற்றைக் கையால் அவள் சீப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, தானே பின்னால் உட்கார்ந்து தலை பின்னிவிட்டார். கோணல்மாணலாக இருந்தது அந்தப் பின்னல். அவள் மூன்று நாள் அவிழ்க்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் கேட்ட மகள் போனில் கத்தினாள். "கையை ஒடிச்சாரும்மா. அடுத்தது என்ன ஒடியும்னு உக்காந்து எதிர்பார்க்கப் போறியா?" அவளே விசாரித்து, அந்த முனையில் ஒரு இல்லத்தில் இடம் பிடித்தாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் நல்ல இடம். மேட்ரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவரா உள்ள வரணும்மா. மாட்டேன்னு நின்னா நாங்க இழுத்துட்டுப் போக மாட்டோம். காத்திருக்கிறவங்க நிறைய பேர், படுக்கை அடுத்தவங்களுக்குப் போயிடும்."

ஆக, இன்றைக்கு டிரைவர் தானாக அந்த வாசற்படியைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இரண்டு பேரும் இதே வீட்டுக்குத் திரும்பி, இதே கதவை, ஒருவர் திறக்க ஒருவர் மறிக்க வேண்டியதுதான். அவள் மணிக்கட்டில் இன்னொரு தடவை ஒடிய எலும்பு பாக்கியில்லை.

"வாங்க, சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம். கடலை எல்லாம் பாக்கலாம். கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னு முப்பது வருஷமா சொன்னீங்களே."

"யாரு ஓட்டுறா?" என்றார் டிரைவர் சந்தேகமாக.

"நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஞாபகம் போனதால் அவருடைய லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டபோது, ஐம்பத்தெட்டு வயசில் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். மெஷின் மிதித்த காலுக்கு கிளட்சும் பிரேக்கும் சீக்கிரம் பிடிபட்டன. வேறு யார் ஓட்டினாலும் டிரைவர் பக்கத்தில் உட்கார மாட்டார், சண்டைக்குப் போய்விடுவார். அவள் ஓட்டினால் மட்டும் உட்காருவார். உட்கார்ந்து குற்றம் சொல்வார்.

"கண்ணாடியைச் சரி பண்ணு" என்றபடி ஏறினார். முதல் கண்டம் தாண்டியது.

வீட்டுக்கு நேர் மேலே முதல் வளைவு. மலையைக் குடைந்து போட்ட பாதை வீட்டுக் கூரையைப் பார்த்தபடி அங்கே திரும்பும். அந்த வளைவு வந்ததும் டிரைவர் கையை நீட்டி, அவள் கைக்குக் குறுக்கே, ஹாரனை இரண்டு தடவை சின்னதாக அழுத்தினார். பாம், பாம்.

அது அவர்கள் இரண்டு பேருக்குமான பாஷை. கல்யாணமான மாசமே ஏற்படுத்திக்கொண்டது. போகும்போது இரண்டு குட்டை: போய்ட்டு வரேன். வரும்போது ஒரு நீளம்: வந்துட்டேன், அடுப்பைப் பற்ற வை. குட்டை ஹாரனுக்கு அவள் மெஷினை நிறுத்தினதில்லை. போகிறவர் போகட்டும். காலையில் அந்த நீள ஹாரன் மலை மேலிருந்து இறங்கி வரும் வரை காதை அந்தப் பக்கமே வைத்திருப்பாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், எழுபத்தைந்து வளைவு. மழைக்காலத்தில் மண் சரியும். நீளம் கேட்டதும் தையலை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுவாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் அவருக்கு ஹாரன் மேல் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

"யாருக்குங்க அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டுல அவ இருப்பா இல்ல" என்றார்.

தையல்காரம்மா கியரை மாற்றினாள். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது.

வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. இடது பக்கம் கீழே கடல், சாம்பல் நிறத்தில், எங்கே முடிகிறது எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாமல். தென்னைகள் சரிவில் ஒன்றின் தலைக்குக் கீழ் ஒன்றாக நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பாதையைப் பார்க்கவென்றே விமானம் ஏறி வருகிறார்கள். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனுஷன் கட்டினவளை மட்டும் ஏற்றவில்லை. "அடுத்த மாசம்" என்பார். அந்த அடுத்த மாசம் இன்றைக்குத்தான் வந்தது, அதுவும் இந்த லட்சணத்தில்.

ஆனால் பாதை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேற்று என்ன கிழமை என்று தெரியாதவர், ஒவ்வொரு வளைவையும் வருவதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டிரைவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள்.

"இப்ப வர்றது மாமியார் வளைவு. திரும்பினாத்தான் மூஞ்சி தெரியும். ஹாரன் அடி."

அடித்தாள்.

"அடுத்தது சம்பந்தி வளைவு. ரெண்டு. ஒண்ணு இப்படி இழுத்தா ஒண்ணு அப்படி இழுக்கும். ரெண்டுக்கும் நடுவுல நீ வாயைத் திறக்காமப் போயிடணும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுகை வந்தது. டிக்கியில் பை இருக்கிறது என்ற நினைப்பு ஒவ்வொரு வளைவிலும் ஒரு தரம் முதுகில் வந்து முட்டியது.

"வளைவுல எதிர்ல ஆள் இருக்கானோ இல்லையோ, ஹாரன் அடிக்கணும். அது உனக்காக இல்ல, அவனுக்காக" என்றார். வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. அவர் வலது கால் பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

நாற்பதாவது வளைவோ என்னவோ, இறக்கம். நல்ல குறுகல். திரும்பினால் எதிரே பஸ், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருகிறது. இரண்டும் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி நின்றன.

"ஏறுறவனுக்கு வழி விடணும். பின்னாடி எடு" என்றார் டிரைவர்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வளைவு, இடது பக்கம் முழங்கால் உயரக் கட்டைச் சுவர், அதற்கப்புறம் காற்று. "என்னால முடியாதுங்க. பயமா இருக்கு."

"பயத்தை என்கிட்ட குடு. நீ கியரை மட்டும் போடு."

அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. கியரைப் போட்டாள். டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். "வலது கொஞ்சம் ஒடி. போதும். நேர் பண்ணு. வரட்டும், வரட்டும். சுவரைப் பாக்காதே. மெஷின்ல ஓரம் அடிப்பே இல்ல? துணி ஓரத்தையா பாப்பே, ஊசியைத்தானே பாப்பே. அதே மாதிரிதான். வரட்டும். இடது ஒடி. நில்லு."

வண்டி பாறையோரம் தைத்து வைத்தாற்போல ஒட்டி நின்றது. பஸ் ஒரு விரற்கடை இடைவெளியில் தாண்டிப் போனது. அதன் டிரைவர் கையைத் தூக்கினார். இவரும் தூக்கினார், அரசர் மாதிரி.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வந்தவளுக்கு அந்த இடத்தில் மனசு முழுக்கப் புரண்டுவிட்டது. இந்த மனுஷனையா கொண்டுபோய் விடப் போகிறேன்? மெஷினையும் ஊசியையும் ஞாபகம் வைத்திருக்கிறவரையா? திரும்பிவிடலாம். கதவுக்கு இரட்டைப் பூட்டு போடலாம். தானே வாசலில் படுத்துக்கொள்ளலாம்.

"என்னங்க" என்றாள், சொல்லிவிடுவது என்று.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். மரியாதையாகப் புன்னகைத்தார். "மேடம், நீங்க எங்க இறங்கணும்?"

மலையிலிருந்து கசிந்த தண்ணீர் கண்ணாடி மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"கடைசி ஸ்டாப்" என்றாள்.

"கடைசி ஸ்டாப்பா. டிக்கெட் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"அப்ப சரி. பயப்படாம உக்காருங்க."

முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள். திரும்பும் யோசனை வந்த வழியே போய்விட்டது.

வியூ பாயிண்ட்டில் நிறுத்தி, அவித்த முட்டையும் பன்னும் சாப்பிட்டார்கள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்தில் ஒரு இளஞ்ஜோடி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. டிரைவர் டம்ளரோடு கம்பி வரைக்கும் போனார். பாதையில் ஓட்டிய காலமெல்லாம் கடலைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கடலைப் பார்க்கிற டிரைவர் கடலுக்குள்ளதான் போவான் என்பார். இப்போது கையில் ஸ்டீயரிங் இல்லை. நின்று பார்த்தார். டீ ஆறிப்போகிற வரை பார்த்தார்.

"இவ்வளவு தண்ணியா" என்றார் கடைசியில். "இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்குங்க."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

அவர் முகம் ஏமாந்துபோயிருந்தது. அவர் வாயோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த இளஞ்ஜோடி அவர்களைப் பார்த்துச் சிரித்தது, எவ்வளவு அன்பான தம்பதி என்று. அதுகளுக்கு என்ன தெரியும்.

மூன்றரை மணிக்கு அந்த முனைக்கு வந்து சேர்ந்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து தண்ணித் தொட்டி வளைவில் ஒரு சின்னப் பாதை பிரிந்து, மூன்று கொண்டை ஊசி வளைவாக மடிந்து கீழே இறங்குகிறது. அடியில் இல்லம். ஓட்டுக் கூரை, நீளத் தாழ்வாரம், வெள்ளையடித்த கேட். முற்றத்தில் நாற்காலிகளில் நாலைந்து பேர் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். டெட்டால் வாசனை கேட் வரைக்கும் வந்தது.

டிரைவர் காரை விட்டு இறங்கவில்லை.

"இது யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடுதான். வாங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்."

"இப்பத்தானே குடிச்சோம்." குடித்ததை அவர் ஞாபகம் வைத்திருந்த அபூர்வமான தருணம், பார்த்து வைத்த மாதிரி இப்போதுதான் வர வேண்டுமா. "வண்டியைத் திருப்பு. இருட்டுறதுக்குள்ள போயிடணும்."

மேட்ரன் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைப் புடவை, நல்ல சிரிப்பு. "வாங்க ஐயா, வாங்க" என்றார். டிரைவர் கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டார். மேட்ரன் தையல்காரம்மாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவரா வரணும்மா என்பது அதற்கு அர்த்தம்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அவள் போய் டிக்கியைத் திறந்தாள். துண்டு, குடை, போர்வை எல்லாவற்றையும் விலக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பார்த்ததும் கத்துவார், அப்புறம் அழுவார், அப்புறம் திரும்பிப் போவோம் என்றுதான் நினைத்தாள். கனம் தாங்காமல் மணிக்கட்டு மடங்கிப் பை கீழே விழுந்தது. வாய் திறந்து ஒரு சட்டை வெளியே சரிந்தது.

டிரைவர் பையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கழுத்துப் பட்டியில் 417.

கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இறங்கி வந்து குனிந்து சட்டையை எடுத்து, தூசி தட்டி, மடித்து உள்ளே வைத்துப் பையை மூடினார்.

"இன்னைக்கு எனக்கு ஹால்ட்டா?" என்றார்.

அவள் பையின் பிடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ பாட்டுக்குத் திருப்பிட்டுப் போயிருந்தா டிப்போவுல என்ன நினைப்பாங்க?" மேட்ரன் பக்கம் திரும்பினார். "புது ரூமா? பழைய ரூம்ல ஒழுகும். மாத்திட்டாங்களா?"

மேட்ரன் பையையும் அவளையும் பார்த்துவிட்டு, "மாத்திட்டாங்க ஐயா. இது ஒழுகாது" என்றார்.

"முதல் ட்ரிப் எத்தனை மணிக்கு?"

தையல்காரம்மாதான் சொன்னாள். "அஞ்சு மணிக்குங்க."

டிரைவர் பையைத் தோளில் மாட்டினார். மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது. தாழ்வாரப் படியில் கால் வைக்கும் முன் திரும்பி, முப்பத்தொரு வருஷமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொன்னதைச் சொன்னார்.

"கதவைத் தாழ் போட்டுக்கோ. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

அவளும் முப்பத்தொரு வருஷமாகச் சொன்னதையே சொன்னாள். "பாத்து ஓட்டுங்க."

"நீ எப்படிப் போவே?"

"கார் இருக்குங்க. நானே ஓட்டிக்கிறேன்."

யோசித்தார். "போகும்போது இடதுன்னா வரும்போது வலது. எல்லாம் மாறி வரும், குழம்பாதே. மேல் வளைவுல ஹாரன் அடி. நீ தாண்டிட்டேன்னு தெரிஞ்சுக்கிறேன்."

உள்ளே போய்விட்டார். அவராக, தன் காலால், படி தாண்டி. இதற்காகத்தான் அவள் இவ்வளவும் செய்தாள். நடந்த பிறகு, நெஞ்சில் ஒரு கல் இறங்குவதற்குப் பதில் ஏறி உட்கார்ந்தது. ஏமாற்றிக் கூட்டி வந்தது அவள். போய்விட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனது அவர். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போவதும் அவர்தான்.

மேட்ரன் நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

முதல் கொண்டை ஊசி இல்லத்துக்கு நேர் மேலே. அவர்கள் வீட்டு வளைவு மாதிரியே, கூரையைப் பார்த்தபடி. ஹாரன் மேல் கையை வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஹாரனை அடிக்க வேண்டியவள் அவள், கேட்க வேண்டியவர் அவர். அழுத்தினாள்.

கை எழவில்லை. ஹாரன் நீளமாக, மலை முழுக்கக் கேட்கும்படி, அலறிக்கொண்டே இருந்தது.

கையை எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அடித்திருக்க வேண்டியது இரண்டு குட்டை. ஆனால் அவள் காது ஆயுசு முழுக்கக் காத்துக் கிடந்தது நீளத்துக்குத்தான். கையும் அதைத்தான் கற்று வைத்திருந்தது. பாவி, என்ன காரியம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

எட்டிப் பார்த்தாள். கீழே தாழ்வாரத்திலிருந்து டிரைவர் வெளியே வந்தார், தோளில் பையோடு. நேராக கேட்டுக்கு வந்து நின்றார். ஏறிக்கொள்ள வண்டி வந்துவிட்டது என்று பாதையைப் பார்த்தார். மேட்ரன் ஓடி வந்து ஏதோ சொன்னார். அவர் அசையவில்லை. இன்னொரு பணிப்பெண் வந்து கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு அதே இடத்தில் நின்றார்.

அந்தக் குறுகலில் காரைத் திருப்ப முடியாது. மேலே தண்ணித் தொட்டி வளைவு ஒன்றுதான் அகலம். பஸ்ஸையே அங்கேதான் திருப்புவார்கள். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி. ஏறும்போதெல்லாம் திரும்பத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். தொட்டியோரம் நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்தாள். மணிக்கட்டு சுரீரென்று இழுத்தது. கை தானாகக் கியரை விட்டுவிட்டது.

இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்று பார்த்தாள். கீழே கேட் தீப்பெட்டி அளவு. அதில் பையும் அவருமாக ஒரு காக்கிப் பொட்டு. மழை தூற ஆரம்பித்திருந்தது. மேட்ரன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் வீட்டுக்காரர் நகர மாட்டார். நேரம் தவறாத டிரைவர் அவர். வந்துவிட்டேன் என்று ஹாரன் சொன்ன பிறகு எப்படி நகருவார்? ராத்திரி முழுக்க நிற்பார்.

அவரை அங்கிருந்து உள்ளே அனுப்ப உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காருக்குத் திரும்பி வந்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். வலது கையை எடுத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு, எண்ணி அடித்தாள். ஒன்று. இரண்டு. குட்டையாக, சுத்தமாக, அவர் அடிக்கிற மாதிரியே.

மறுபடி சுவரோரம் ஓடினாள். காக்கிப் பொட்டு ஒரு கையைத் தூக்கியது, எதிரே வருகிற பஸ்ஸுக்குத் தூக்குகிற மாதிரி. பிறகு தானாகவே திரும்பி, குடைக்குக் கூடக் காத்திராமல், மழையில் நடந்து தாழ்வாரத்துக்குள் போய்விட்டது. அவ்வளவு நேரம் கெஞ்சியும் அசையாதவர் இரண்டு ஹாரனுக்குப் போய்விட்டார். தையல்காரம்மா அந்த ஈரச் சுவரில் நெற்றியை வைத்து, யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், ஓவென்று அழுதாள்.

பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்தாள். போகும்போது இடது, வரும்போது வலது. சம்பந்தி வளைவுக்கும் மாமியார் வளைவுக்கும், பெயர் ஞாபகம் வராத மற்ற எல்லா வளைவுக்கும், எதிரே ஆள் இருக்கிறானோ இல்லையோ, ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில் கடைசி வளைவு வந்தது. கீழே அவள் வீட்டுக் கூரை தெரிந்தது. கை ஹாரன் மேல் போய், அங்கேயே நின்றது.

அழுத்தவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைக்கக் கீழே யாரும் இல்லை.